ஊதாத் தொப்பி

ரெனிட்டா குறட்டை விட்டால் வண்டி நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். இதை ஆர்லீனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லாரியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கும் தடித்த திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது. சொல்லிக்கொடுக்கும் ரெனிட்டா அங்கே தூங்குவாள், பழகும் ஆர்லீன் இங்கே ஓட்டுவாள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலோ, காற்று தள்ளி வலப்பக்கச் சக்கரம் சாலையோரத்தில் எச்சரிக்கைக்காக வெட்டிய வரிப்பள்ளத்தில் ஏறி உறுமினாலோ குறட்டை அறுந்துவிடும். உடனே ஆர்லீன் வேகத்தைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொள்வாள். பழைய ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டு ஓட ஆரம்பிப்பதுபோல அந்தச் சத்தம் மறுபடி கிளம்பும்வரை வேகத்தைக் கூட்ட மாட்டாள்.

இது ஆர்லீனின் பயிற்சியில் கடைசிச் சவாரி. ஐடஹோவில் ஏற்றிய உருளைக்கிழங்கை ஓமஹாவில் இறக்க வேண்டும். மறுநாள் காலையில் அங்கே கம்பெனியின் லாரி யார்டில் தேர்வு அதிகாரி ஃபெரெல் அவளைச் சோதிப்பார். அதில் தேறினால் பயிற்சி முடிந்தது, வேலை நிரந்தரம், மருத்துவக் காப்பீடும் அன்றே எழுதப்பட்டுவிடும். தேறாவிட்டால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆர்லீனுக்கு ஐம்பத்தொரு வயது. போன வருடம்வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டியது அவள் புருஷன் லாய்ட்தான். இந்த நெடுஞ்சாலையிலேயே நரைத்தவன். சர்க்கரை அவன் கண்ணுக்குள் இறங்கியதும் போன வசந்த காலத்தில் அவன் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதோடு வேலை போனது, வேலையோடு காப்பீடும் போனது. கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் இருக்கிற பார்வையையாவது காப்பாற்றலாம் என்று பக்கத்து நகரமான கியர்னியில் டாக்டர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு ஊசி தவறிவிட்டது. அடுத்தது இந்த வியாழக்கிழமை. இதையும் விட்டால் தன் பொறுப்பில்லை என்று அந்த டாக்டர், நல்ல மனிதர்தான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வயோமிங்கின் கிழக்கு எல்லை நெருங்கும்வரை ரெனிட்டா ஓட்டினாள். இருவரும் மாறிக்கொள்ள ஒதுங்கிய இடத்தில் காற்று வண்டியைத் தொட்டிலாட்டியது. ரெனிட்டா, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகிச் சூடாக்கும் சின்னப் பெட்டியிலிருந்து கீரையும் வான்கோழிக் கழுத்தும் எடுத்து இரண்டு தட்டில் வைத்தாள். மெம்ஃபிஸ்காரி, கறுப்பினப் பெண், முப்பத்திரண்டு வயது. ஆர்லீனைவிட மிகவும் இளையவள் என்பதால் அவள் ஊர் வழக்கப்படி "மிஸ் ஆர்லீன்" என்றுதான் கூப்பிடுவாள்.

"சாப்பிடுங்க மிஸ் ஆர்லீன். கழுத்தக் கையில எடுத்துக் கடிக்கணும். ஃபோர்க்க வெச்சு ஆபரேஷன் பண்ணாதீங்க."

"எனக்குத் தொண்டைல இறங்கல, ரெனிட்டா."

"ஃபெரெல நெனச்சா? அந்தாளு பல் குச்சியக் கடிச்சுக்கிட்டே முறைப்பாரு. அவ்வளவுதான். கடிக்க மாட்டாரு."

"நேத்து வளைவுல நான் கொஞ்சம் அகலமா எடுத்துட்டேன், இல்ல?"

"நேத்து எடுத்தீங்க. இன்னிக்கு எடுக்காதீங்க." ரெனிட்டா எலும்பைத் துப்பினாள். "என் போர்வைய யாரு மடிச்சு வெச்சது?"

"நான்தான். கலஞ்சு கெடந்துச்சு."

"போர்வைன்னா கலஞ்சுதான் கெடக்கும். நான் தேடறது எதுவும் நான் போட்ட எடத்துல இருக்க மாட்டேங்குது. என் சாக்ஸ் எல்லாம் ஜோடி சேந்து நிக்குது, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி."

"பழக்கம். கை சும்மா இருக்காது."

"கைய ஸ்டீயரிங்ல வைங்க, சும்மா இருக்கும்."

ரெனிட்டா தன் ஊதா நிறச் சாட்டின் தொப்பியைத் தலையில் இழுத்து மாட்டிக்கொண்டாள். சிறுசிறு சடைகளாகப் பின்னிய தன் கூந்தல் கலையாமல் இருக்கத் தூங்கும்போது போடுகிற தொப்பி. அதற்கு வேறொரு வேலையும் இருந்தது. ஆர்லீன் ஓட்டுகிற நேரத்தில் ரெனிட்டா எங்காவது இறங்க நேர்ந்தால் அந்தத் தொப்பியை ஸ்டீயரிங் மேல் போட்டுவிட்டு இறங்குவாள். தொப்பி அங்கே இருந்தால் ஆள் வண்டியில் இல்லை என்று அர்த்தம். ஜோடியாக ஓட்டுகிற எல்லோரும் இப்படி ஏதாவது ஒன்று வைத்திருப்பார்கள், சிலர் செருப்பு, சிலர் பைபிள். முதல் நாளே இதைத்தான் ரெனிட்டா முதலில் சொல்லிக்கொடுத்தாள். பிரேக் எங்கே இருக்கிறது என்பது அப்புறம்தான் வந்தது.

"நான் தூங்கும்போது லாரிக்காரங்க பேசிக்கிற அந்த ரேடியோவ அமத்தி வைங்க," என்று சொல்லிவிட்டு அவள் திரைக்குள் போனாள். சற்று நேரத்தில் ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தது.

நெப்ராஸ்காவுக்குள் நுழைந்ததும் நிலம் தட்டையானது. அறுத்த சோளத்தின் தட்டைகள் கண்ணுக்கு எட்டியவரை பழுப்பாக நின்றன. பொடிப்பனி சாலையின் குறுக்கே பாம்புக் கூட்டம்போல ஊர்ந்தது. கிம்பலில் ஆர்லீன் டீசல் போட நிறுத்தினாள். குழாயைச் செருகிவிட்டுச் சுத்தியலால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நடந்தாள். நல்ல டயர் கிண்ணென்று பதில் சொல்லும். ட்ரெய்லருக்குப் போகும் காற்றுக் குழாய்களை இழுத்துப் பார்த்தாள், அதைப் பூட்டும் கொக்கியைக் குனிந்து பார்த்தாள். லாய்ட் இதை எல்லாம் ஒரு கையில் காப்பியோடு செய்வான். அவளுக்கு இரண்டு கையும் போதவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்ததால் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி நிறுத்திவிட்டுக் கடைக்குள் ஓடினாள்.

திரும்பி வரும்போது ஒரு கையில் காப்பி, மறு கையில் கோசும் மாட்டுக்கறியும் அடைத்த ரொட்டிப் பொட்டலம். ரெனிட்டா எழுந்தால் சூடாகக் கொடுக்கலாம் என்று இரண்டு வாங்கியிருந்தாள். கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அதே நேரத்தில் காதில் மாட்டியிருந்த போன் அடித்தது.

"எங்க இருக்க?" என்றான் லாய்ட்.

"கிம்பல். காத்து ஆள அடிச்சுக்கிட்டுப் போகுது."

"எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குது?"

"வடக்குல இருந்து." ஆர்லீன் ஏறி, காப்பியை அதன் குழியில் வைத்து, பொட்டலத்தைப் பக்கத்து இருக்கையில் போட்டு, ஸ்டீயரிங்கில் கிடந்த துணியை எடுத்துத் தன் கோட்டோடு சேர்த்துக் கொக்கியில் மாட்டி, பெல்ட்டை இழுத்தாள்.

"அப்பச் சரி, பாலத்துக்கு அடியில போகும்போது திடீர்னு காத்து நிக்கும். வெளிய வந்ததும் அறையும். இடப்பக்கமா கொஞ்சம் பிடிச்சுக்கிட்டே போ. இறுக்கிப் பிடிக்காத, தோள் போயிடும்."

"நீ மாத்திர போட்டியா?"

"நான் நம்ம ஊருப் பாலத்து மேல வந்து நிக்கிறேன். மத்தியானம் தாண்டும், இல்ல? கையாட்டறேன்."

"இந்தக் காத்துலயா? வேண்டாம் லாய்ட். உனக்கு எங்க வண்டி எப்படி..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"நீல வண்டிதான? நீலம் எனக்குத் தெரியும்," என்று போனை வைத்துவிட்டான்.

ஆர்லீன் கண்ணாடிகளைப் பார்த்து, பிரேக்கை விடுவித்து, மெதுவாக நெடுஞ்சாலையில் ஏறினாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் குறட்டை கேட்கவில்லை என்பது உறைத்தது. முழித்துவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் கண்ணைத் திறந்து படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசி நாள் அல்லவா, ஃபெரெலுக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை சத்தமில்லாமல் சோதிக்கிறாள் என்று ஆர்லீனுக்குத் தோன்றியது. முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் இடையே போதுமான இடம் விட்டாள். தடம் மாற்றுவதற்கு முன் எப்போதும் பார்ப்பதைவிட ஒரு தடவை கூடுதலாகக் கண்ணாடியைப் பார்த்தாள். பாலத்துக்கு அடியில் காற்று நின்றது, வெளியே வந்ததும் அறைந்தது, லாய்ட் சொன்ன மாதிரியே இடப்பக்கம் கொஞ்சம் பிடித்திருந்ததால் ட்ரெய்லர் ஆடி அடங்கியது. வரிப்பள்ளம் ஒருமுறைகூட உறுமவில்லை. இவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் ஓட்டியதில்லை.

"நீ முழிச்சிருக்கேன்னு தெரியும், ரெனிட்டா," என்றாள் கடைசியில்.

திரைப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"கோவமா? அந்த வளைவுக்கா? சரி, பேச வேண்டாம். நான் சொல்றத மட்டும் கேளு." ஆர்லீன் தொண்டையைச் செருமினாள். "எனக்கு இந்த வேல வேணும். எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்கன்னு சொல்லுவ. லாய்டுக்கு ஒரு கண்ணுல நடுவுல கறுப்பா ஒரு ஓட்ட விழுந்துருச்சு. என் மூஞ்சியப் பாக்கணும்னா பக்கவாட்டுல திரும்பிப் பாக்கறான், கோழி மாதிரி. நேத்து போன்ல பேப்பர் படிச்சுக் காட்டினான். போன வார செய்தி. மனப்பாடமா சொல்றான். நான் ஒண்ணும் கேட்டுக்கல."

ஒரு லாரி அவளை முந்திக்கொண்டு போனது. பனித்துகள் கண்ணாடியில் வாரி அடித்தது.

"எனக்கு பயம் உன்மேல இல்ல. ஃபெரெல் மேலயும் இல்ல. நீ இறங்கிப் போயிட்டா இவ்வளவு பெரிய வண்டியில நான் ஒருத்தி மட்டும் இருப்பேனே. தப்புப் பண்ணா அதட்ட ஆள் இருக்காது. அதத்தான் நெனச்சு நெனச்சு..."

பக்கத்தில் வந்த சிவப்பு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. ஆர்லீன் துள்ளிப்போனாள். அதன் ஓட்டுநர், தாடிக்காரன், அவளைப் பார்த்துக் கட்டைவிரலால் பின்னால் காட்டினான். பிறகு ஒரு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, 'இல்லை இல்லை' என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

ட்ரெய்லரில் ஏதோ ஆகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தாள். புகை இல்லை. கதவு திறந்து உருளைக்கிழங்கு சாலையெல்லாம் உருள்கிறதா? தெரியவில்லை. டயர் கழன்றதா? கழன்றிருந்தால் இழுக்குமே. ஓரத்தில் நிறுத்தலாமென்றால் இந்தக் காற்றில் ஓரத்தில் நிற்பது தற்கொலை என்று ரெனிட்டாவே சொல்லியிருக்கிறாள். "ரெனிட்டா, எந்திரி, அந்தாளு என்னவோ காட்டறான்," என்று கத்தினாள். திரை அசையவில்லை. அடுத்து வந்த வண்டியும் ஹாரன் அடித்தது. அதிலிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டயர் தீப்பிடித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஆர்லீனுக்கு அப்போது தோன்றியது. கையை நீட்டி ரேடியோவைப் போட்டாள்.

"...நீல வண்டி அம்மா, நீல வண்டி அம்மா, காது கேக்குதா? பாத்ரூம் போன உங்க டீச்சர கிம்பல்ல விட்டுட்டு வந்துட்டீங்க."

"சாக்ஸோட நிக்குதாம் அந்தப் பொண்ணு. காலுக்கு ஒரு செருப்பு, ரெண்டும் வேற வேற."

"போன் வண்டியிலயே கெடக்குதாம்பா."

"என் பொண்டாட்டிய எங்கயாவது இப்படி மறந்து விட்டுட்டு வரணும்னு எத்தன வருசமா பாக்கறேன். அமைய மாட்டேங்குது."

"அவ உன்ன எப்பவோ மறந்துட்டா, நீதான் திரும்பித் திரும்பிப் போற."

ஆர்லீன் கையைப் பின்னால் நீட்டித் திரையை இழுத்தாள். கலைந்த போர்வை. சார்ஜரில் கிடந்த போன். வேறொன்றுமில்லை. பக்கத்தில் திரும்பினால், கொக்கியில், அவள் கோட்டின் தோள்மேல் ஊதாத் தொப்பி ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான்," என்றாள் ரேடியோவில். "அது நான்தான். அவ எங்க இருக்கா?"

சிரிப்பு ஒரு நிமிடம் அடங்கியது. "மாடு ஏத்தற லாரியில ஏறி வந்துக்கிட்டு இருக்கும்மா. ஓகல்லாலா தாண்டினா லாரிங்க ஒதுங்கற எடம் ஒண்ணு வரும், அங்க நில்லுங்க. திரும்பிப் போகாதீங்க. திரும்பினா உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் மேப்புல வண்டி பின்னால போறது புழு மாதிரி தெரியும்."

ஒதுங்குமிடத்தில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தாள். பொட்டலத்தில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கொக்கியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடித்துவிடப் போனாள், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டாள். லாய்டுக்குப் போன் பண்ணலாமா என்று நினைத்தாள். என்ன சொல்வது? உன் கண்ணைத் தொப்பியோடு சேர்த்துக் கொக்கியில் மாட்டிவிட்டேன் என்றா?

மாட்டு லாரி வந்து நிற்பதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. ரெனிட்டா முழங்கால்வரை வருகிற பச்சை ரப்பர் பூட்ஸில் இறங்கினாள். உள்ளேயிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்து, "பூட்ஸ நீயே வெச்சுக்க கண்ணு, மறுபடி தேவப்படும்," என்றது. ரெனிட்டா அதற்குச் சொன்ன பதிலைக் கேட்டு மாடுகள்கூடக் கொஞ்சம் அடங்கின.

ஏறிக் கதவைச் சாத்தினாள். ஆர்லீனின் மடியில் இருந்த தொப்பியைப் பார்த்தாள்.

"இத எங்க வெச்சிருந்தேன்?"

"ஸ்டீயரிங் மேல."

"இப்ப எங்க இருக்கு?"

"நான் எடுத்து... கொக்கியில மாட்டிட்டேன். லாய்ட் பேசிக்கிட்டு இருந்தான். கை தானா..."

"கை! உன் கை!" 'மிஸ்'ஸும் மரியாதையும் எங்கோ விழுந்துவிட்டன. "ஏ ஆர்லீன், இது உன் பள்ளிக்கூடத்துச் சமையக்கட்டா? தொங்கறத எல்லாம் மாட்டி வெக்கறதுக்கு? அஞ்சு வருசமா ஆள் பழக்கறேன். மண்ணுல ஏத்தினவன் இருக்கான், மரத்துல இடிச்சவ இருக்கா. என்ன மறந்துட்டுப் போனவங்க யாருமில்ல. அந்தக் கடையில ஒரு சின்னப் பய என்னப் பாத்து, 'மேடம், உங்களுக்குப் போக எடம் இல்லையா, சூப் வேணுமா'ங்கறான்!"

ஆர்லீனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே வழியில் வந்து முட்டின. இரண்டையும் விழுங்கினாள்.

"சொல்லிடறேன்," என்றாள். "யார்டுக்குப் போனதும் ஃபெரெல்கிட்ட நானே சொல்லிடறேன். உன்மேல தப்பில்லன்னு."

"சொன்னா உன்ன பஸ் ஏத்துவாங்க. எங்கிட்ட பழக ஆள் அனுப்பறத நிறுத்திடுவாங்க. வாய மூடிக்கிட்டு இரு." ரெனிட்டா பூட்ஸைக் கழற்றி எறிந்தாள். "ஓட்டு."

"நானா?"

"பின்ன மாடா ஓட்டும்?"

நார்த் பிளாட் ஊரைத் தாண்டினார்கள். அதற்கப்புறம் ரெனிட்டா ஆறிப்போன ரொட்டியை எடுத்துக் கடித்தாள். கோசு உப்புக் குறைவு என்றாள். அது சமாதானம் இல்லை, ஆனாலும் ஆர்லீனுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

கியர்னி நெருங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. சொன்ன நேரத்துக்கு மிகவும் பிந்திவிட்டார்கள். இந்நேரம் போயிருப்பான் என்றுதான் ஆர்லீன் நினைத்தாள். அவர்கள் ஊருக்குப் போகும் மண்பாதை நெடுஞ்சாலைக்கு மேலே பாலமாகக் கடக்கும். அந்தப் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காது மூடிய குல்லாவும் பழைய மஞ்சள் கோட்டுமாக ஓர் ஆள் நின்றான். அவர்களுக்கு முன்னால் வேறு கம்பெனியின் நீல லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். அந்த ஓட்டுநர் ஒன்றும் புரியாமல் ஒரு ஹாரன் கொடுத்தான். அவ்வளவுதான், பாலத்து ஆள் சந்தோஷமாகக் கையை இறக்கிவிட்டு, கம்பியைத் தடவித் தடவிக் கீழே இறங்கப் போனான்.

ஆர்லீன் ஹாரன் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். விடவில்லை. பாலத்துக்கு அடியில் நுழையும்வரை இழுத்துப் பிடித்திருந்தாள். அவன் நின்று, எந்தப் பக்கம் என்று தெரியாமல், தலையைக் கோழிபோலச் சாய்த்தது தெரிந்தது. பிறகு பாலம் பின்னால் போய்விட்டது.

"யாரு அது?" என்றாள் ரெனிட்டா.

"எங்க வீட்டுக்காரன்."

"முன்னாடி போன வண்டிக்குல்ல கையாட்டினான்."

"நீலம் தெரியும்னு சொன்னான்."

ரெனிட்டா ரொட்டியைக் கீழே வைத்தாள். "கிம்பல்ல இருந்து எவ்வளவு தூரம் நீ தனியா ஓட்டின தெரியுமா?"

"நீ உள்ள இருக்கேன்னு நெனச்சுல்ல ஓட்டினேன்."

"நெனப்பு ஸ்டீயரிங் பிடிக்காது. எங்கயாவது ஏறுச்சா? எதையாவது உரசுச்சா?"

"இல்ல."

"ம்," என்றாள் ரெனிட்டா. அதற்கப்புறம் ஓமஹாவரை தூங்கினாள். திரையை மூடிக்கொள்ளவில்லை.

ஆனால் ஃபெரெலிடம் மறைக்க முடிந்தால்தானே. ரேடியோவில் போன பேச்சு லாரியைவிட வேகமாக ஓடும். காலையில் யார்டில் நின்ற அவர்கள் வண்டியின் பக்கக் கண்ணாடியில் யாரோ ஒரு ஜோடி சாக்ஸைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வேலியோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள், "ரெனிட்டா, எண்ணிப் பாத்துக்க, எல்லாரும் ஏறியாச்சா?" என்று குரல் கொடுத்தார்கள். ஒல்லியான ஃபெரெல் பல் குச்சியைக் கடித்தபடி சாக்ஸைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"அது நீதானா?"

"நான்தான் சார். தப்பு என்னோடது. அவ தொப்பிய வெச்சுட்டுத்தான் போனா."

"அத அவகிட்ட ஏற்கெனவே பேசிட்டேன்." அவர் அவளை முறைத்தார். "இனிமே கிளம்பறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவ?"

"பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். பதில் வரலன்னா திரையத் தொறந்து பாப்பேன்."

"இனிமே உள்ள யாரும் இருக்க மாட்டாங்களேம்மா."

ஆர்லீன் திரையைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, எடு," என்றார்.

ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்ததும் இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவே பின்னோக்கிச் செருகச் சொன்னார். இடைவெளி வண்டியைவிட ஒரு கை அகலம்தான் அதிகம். ஆர்லீன் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினாள், இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாள், ஏறினாள். மறுபடி நகர்த்தி மறுபடி இறங்கினாள். "அங்கயே ஒரு வீடு கட்டிக்க அம்மா," என்றான் வேலியோரம் ஒருவன். அவள் காது சிவந்தது. ஆனாலும் மூன்றாம் தடவையும் இறங்கினாள். இடப்பக்கத்து மூலை அடுத்த ட்ரெய்லரை முத்தமிட இருந்தது. முன்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி விட்டாள். பின்பக்க ரப்பர் சரக்கு இறக்கும் மேடையில் மெத்தென்று முட்டி நின்றது.

"ரொம்பத் தடவ இறங்கின," என்றார் ஃபெரெல்.

"ஆமா சார்."

"இறங்கலன்னா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." குச்சியை மறுபக்கம் தள்ளினார். "உள்ள போய்க் கையெழுத்துப் போடு. சாவி வாங்கிக்க."

ரெனிட்டா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யார்டு வாசலில் நின்றாள்.

"தேறிட்டேன்," என்றாள் ஆர்லீன்.

"கேட்டேன். எனக்கு வசந்த காலம் வரைக்கும் பழக்க ஆள் கிடையாதாம். மறுபடி வகுப்புல உக்காரணுமாம், தொப்பி வெக்கறது எப்படின்னு."

"மன்னிச்சிடு, ரெனிட்டா."

"மன்னிக்கல." அவள் கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "வயோமிங்ல காத்து ரொம்ப அடிச்சா போன் பண்ணுங்க, மிஸ் ஆர்லீன். எடுப்பேன். அப்பவும் மன்னிச்சிருக்க மாட்டேன்."

ஆர்லீன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்று வீட்டுக்குப் போன் பண்ணினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"தேறிட்டேன், லாய்ட். காப்பீடு நாளைல இருந்து. டாக்டர்கிட்ட பேசிட்டேன், வியாழக்கிழமை ஊசி போடலாம்னுட்டாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது. "பின்னாடி எடுத்தியா?"

"எடுத்தேன்."

"இடிக்காமலா?"

"இடிக்காமத்தான்." அவள் பூட்ஸால் பனியைச் சீய்த்தாள். "ஒண்ணு சொல்லணும். இப்பவே லோடு குடுக்கறாங்க. வியாழக்கிழமை காலைல நான் உட்டாவுல இறக்கணும். நான் வர முடியாது. உன்ன யாரு கூட்டிட்டுப் போவா? வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"மொத லோட வேண்டாம்னா அப்புறம் எந்த மாதிரி லோடு வரும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப கண்ணு?"

"கவுண்டி ஆபீஸ்ல ஒரு வேன் விடறாங்கல்ல. கிழடுங்கள ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போறது."

"அதுலயா? நீயா? அது வாசல்ல வந்தா கதவ மூடிக்குவியே."

"மூடிக்குவேன்தான். சர்ச்சுப் பாட்டுக் கோஷ்டி மொத்தமும் அதுலதான் வருது. போக வர அதுங்க பாடறதக் கேக்கணும்." லாய்ட் கொஞ்சம் இருமினான். பிறகு அவன் குரல் மாறியது. "ஆர்லீன். நம்ம புள்ள டெல்பா பொறந்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"ரீனோல, லோடோட."

"உன்ன ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனது?"

"யாரும் இல்ல. நானே ஓட்டிட்டுப் போனேன். வலி வரும்போதெல்லாம் ஓரமா நிறுத்தி, போனதும் மறுபடி எடுத்து..."

"இத்தன வருசத்துல நீ இதச் சொன்னதே இல்ல."

"நீ கேட்டதே இல்ல."

யார்டில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்பினார்கள். ஆர்லீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"லோட எடுத்துக்க," என்றான் லாய்ட். "வேன் வந்தா ஏறிக்கறேன். போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

"நீ எனக்கு ஒரு தடவையாவது அப்படிப் பண்ணியிருக்கியா?"

"இல்ல," என்றான். "அதனாலதான் சொல்றேன்."